பெரில் கிரிம்ஷாவும் பின் உருளையும்

பெரில் கிரிம்ஷாவைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை சொல்ல எங்கள் ஊரில் ஆள் பஞ்சமில்லை. போன வியாழக்கிழமை அவளை அடக்கம் செய்தபோது சிற்றாலயத்தில் உட்கார இடமில்லாமல் இருபது பேர் சுவரோரமாக நின்றார்கள். என் கணவர் எட்வினுக்கு வந்த கூட்டத்தைவிட அது அதிகம். நான் எண்ணிப் பார்த்தேன்.

அதனால் நான் அவளைப் பற்றி எழுதினால் அது நியாயமாக இருக்காது என்று எனக்கே தெரியும். ஆனால் அவளை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்ததில்லை. பதினான்கு வருஷம் கண் எடுக்காமல் பார்த்திருக்கிறேன்.

அவள் நெசவாலைக்குப் பின்தெருவில் பிறந்தவள். பதினைந்து வயதில் தறிக்குப் போனாள். ஆலை மூடியதும், எங்கள் ராசன்டேல் பள்ளத்தாக்கில் பாதிப் பெண்கள் போன வழியிலேயே அவளும் சிலிப்பர் தொழிற்சாலைக்குப் போனாள். குட்டையான உருவம், தடித்த மணிக்கட்டு, தானே வெட்டிக்கொண்ட தலைமுடி. பக்கத்தில் வந்தால் பசை வாசனை அடிக்கும். தையல் பிசகிய சிலிப்பர்களைப் பை நிறையக் கொண்டுவந்து தெருவுக்கே கொடுப்பாள். எனக்கும் கொடுத்தாள். நான் போட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எங்கப்பாவத் தூக்கி உக்கார வைக்கவே ரெண்டு கையும் பத்தல. இதுல இன்னொரு ஆம்பளைய எங்க வெச்சுக்கறது?" என்பாள். அவளுடைய அப்பாவுக்குப் பஞ்சுத் தூசி படிந்த நுரையீரல். அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் எங்கள் ஊர் கிளப்பின் புல்திடலில் பந்து உருட்டி விளையாடுவது. மாலையில் அவரை வீட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக அவள் வருவாள். அப்படித்தான் அவள் கிளப்புக்குள் வந்தாள்.

எட்வின் அந்தத் திடலின் காவலர், அதாவது புல்லை வெட்டிப் பராமரிப்பவர். பகலில் நகராட்சியின் நீரேற்று நிலையத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் திடல். அதற்கு முன்பு ஆலையில் தறி பழுது பார்ப்பவராக இருந்தவர். நான் வங்கி எழுத்தரின் மகள், கல்லூரி முடித்த பள்ளி ஆசிரியை. எங்கள் கல்யாணத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் தனித்தனி மூலையில் நின்று கேக் சாப்பிட்டார்கள்.

அறுபத்தேழாம் வருஷம் கோடையில் ஒரு நாள், புல்வெட்டும் இயந்திரத்தின் செயின் கழன்று எட்வின் மண்டியிட்டு மாட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் அப்பாவுக்காகக் காத்திருந்த பெரில், "அது தலைகீழா இருக்கு கண்ணு" என்றாளாம். தலைகீழாகத்தான் இருந்ததாம். இதை எட்வின் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். தன் தவறைக் கண்டுபிடித்த இன்னொருத்தியைப் பற்றி ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசுவதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அந்த நவம்பரிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் திடலோரக் கொட்டகையில் அந்த இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுச் சரிபார்த்தார்கள்.

ஆலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நூற்றுக்கணக்கான தறிகள் ஓடும் கூடத்தில் காது எதற்கும் உதவாது. உதட்டை அசைத்து, உதட்டைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஆலை மூடிய பிறகும் அது அவர்களை விடவில்லை. பேருந்தின் கண்ணாடிக்கு உள்ளிருந்து தெருவில் நிற்பவளிடம் முழுக் கதையும் சொல்லி முடிப்பார்கள். எங்கள் வீட்டில் காதால் கேட்கும் பேச்சுதான். எனக்கு அந்த உதட்டுப் பேச்சு வரவில்லை. கண்ணாடி முன் நின்று முயன்றும் பார்த்தேன், வரவில்லை.

எட்வினுக்கும் பெரிலுக்கும் வந்தது. திடலின் இந்தக் கோடியில் அவர், நாற்பது கஜம் தள்ளி அந்தக் கோடியில் அவள். அவள் உதடு அசையும். அவர் சிரிப்பார். நடுவில் நான் இறைச்சி அடைத்த பலகாரமும் பட்டாணியும் வைத்த தட்டோடு நிற்பேன்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"யாரு?"

"அதோ, அவதான்."

"மழை வருமாம்."

"மழை வரும்னதுக்கா இப்படிச் சிரிச்சீங்க?"

"அவ சொன்ன விதம் அப்படி, மரியன்."

ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்காமல் அவள் என் கணவரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அதுவும் என் கண் முன்னாலேயே. கொட்டகையின் ஜன்னல் வழியாக இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு ஸ்டூல், நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு எனாமல் குவளை. உதடுகள் அசைந்தன. நான் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அவள் ஊரில் எல்லோரையும் 'கண்ணு' என்பாள், 'ராசா' என்பாள். பால்காரர், பாதிரியார், யாரும் தப்பியதில்லை. என்னை மட்டும் 'மிஸஸ் ஹாஸ்லம்' என்றாள். அது மரியாதைதான். இருந்தாலும் நான் அதற்கும் கணக்கு வைத்தேன்.

எண்பத்தொன்றாம் வருஷம் அக்டோபர் கடைசியில் இயந்திரத்தின் பின் உருளை கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அந்தப் பின் உருளைதான் எல்லாம். முன்னால் இருக்கும் கத்திச் சுருள் புல்லை வெட்டும். இயந்திரத்தை நகர்த்துவதும், வெட்டிய புல்லைச் சாய்த்து வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகப் பட்டை போடுவதும் பின் உருளைதான். பார்த்தால் ஒரே இரும்பு உருளை மாதிரி இருக்கும். உண்மையில் ஒரே தண்டில் கோத்த இரண்டு பாதிகள். ஓரத்தில் திரும்பும்போது வெளிப்பாதி வேகமாகவும் உள்பாதி மெதுவாகவும் சுழல வேண்டும். இரண்டும் ஒன்றாக இறுகிவிட்டால் உள்பாதி புல்லை அரைத்துக் கிழித்துவிடும். நடுவில் உள்ள கியர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இதெல்லாம் எட்வின் இரவுச் சாப்பாட்டில் பேசியவை. நான் கேட்காதது மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன்.

நவம்பரில் பிரித்தார்கள். ஒரு கியரின் பல் உடைந்திருந்தது. புதியது வரக் காத்திருந்தார்கள். மற்ற துண்டுகள் கொட்டகையிலேயே கிடந்தன.

ஜனவரி பதினொன்றாம் தேதி, பனி கொட்டிய காலையில், எட்வின் பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. ஐம்பத்தேழு வயது.

அடக்கம் முடிந்து கிளப்பில் எல்லோருக்கும் தேநீர். தேநீர் மேசையை எப்போதும் பார்த்துக்கொள்ளும் நெல்லி முதல் கோப்பையை ஊற்றினாள். எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். என்னைத் தாண்டிப் போய் பெரிலின் கையில் கொடுத்தாள்.

"குடி கண்ணு. உனக்குத்தான் கஷ்டம். பதினாலு வருஷமா ஒண்ணா வேலை பாத்தவங்க."

எனக்கு இரண்டாவது கோப்பை வந்தது. சர்க்கரை போட்டிருந்தது. நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. எட்வினோடு இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவள் நான்.

கிளப் குழு, அடுத்த ஏற்பாடு ஆகும்வரை திடலைப் பெரிலே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. பிப்ரவரியில் அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை. வாசல் மிதியடியில் நின்றே கேட்டாள்.

"கொட்டகைச் சாவி எட்வினு கொத்துல இருக்கும், மிஸஸ் ஹாஸ்லம். புது கியரு வந்துருச்சு. அவசரமொண்ணும் இல்லீங்க."

"தேடிப் பாக்கறேன்" என்றேன். சாவி என் ஏப்ரன் பையில் இருந்தது.

மறுநாள் காலை நானே போய்க் கொட்டகையைத் திறந்தேன். அவருடைய மேல்சட்டை ஏதாவது அங்கே இருக்கும், எடுத்து வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேல்சட்டை ஒன்றும் இல்லை. பழைய செய்தித்தாள்களை விரித்து அதன்மேல் உருளையின் துண்டுகளை இரண்டு வரிசையாக வைத்திருந்தார்கள். வளையங்கள், வாஷர்கள், தண்டைத் தாங்கும் பித்தளைப் புஷ்கள், திருகுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பளி நூல் கட்டியிருந்தது. ஒரு வரிசைக்குச் சிவப்பு, மற்ற வரிசைக்கு வெள்ளை. நெசவுக்காரிகள் அறுந்த இழையைச் சேர்க்கப் போடும் முடிச்சு. கடுகளவுதான் இருக்கும், அவிழாது.

அந்தச் சிவப்பு நூல் எனக்குத் தெரியும். எட்வின் சாகும்போது கழுத்தில் சுற்றியிருந்த மஃப்ளரின் நூல் அது. பெரில் பின்னியது. கிளப் அணியின் நிறம் என்று பதினாறு பேருக்கும் பின்னிக் கொடுத்தாள். பதினாறு பேருக்கும்தான். இருந்தாலும்.

ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். விரல் விறைத்துப்போனது. எந்த வளையத்தில் கீறல், எந்த வாஷர் மெலிந்திருக்கிறது, எதில் சிவப்பு, எதில் வெள்ளை என்று பார்த்தேன். எதைத் தேடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசியில் கிடைத்தது. இரண்டு வரிசைக்கும் நடுவில், தனியாக, ஒரு சிறிய கியர் சக்கரம். அதில் சிவப்பும் வெள்ளையும் சேர்த்து ஒரே முடிச்சாகக் கட்டியிருந்தது.

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

எட்வினின் கருவிப்பெட்டியில் கத்தரிக்கோல் இருந்தது. முதலில் அந்தச் சேர்ந்த முடிச்சை வெட்டினேன். பிறகு மற்றதெல்லாம். இருபத்து மூன்று. அவை இடம் காட்டும் அடையாளங்கள் என்று எனக்குத் தெரியாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய். பாதி வெட்டியபோதே தெரிந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. துண்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கொட்டினேன். நூல்களைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய் வீட்டு அடுப்பில் எரித்தேன். கம்பளி எரிந்தால் முடி எரிந்த நாற்றம் வரும். சாவியைப் பெரிலின் கதவுத் தபால் துளையில் போட்டுவிட்டு வந்தேன். சீட்டு எதுவும் எழுதவில்லை.

மார்ச் மாதம் பெரில் உருளையைப் பூட்டினாள். முதல் வெட்டு வெட்டினாள். அன்று பள்ளி விட்டு வரும் வழியில் திடலை எட்டிப் பார்த்தேன். நான்கு ஓரத்திலும், இயந்திரம் திரும்பிய இடங்களில், கைநீளப் பிறை வடிவில் புல் பிய்ந்து மண் தெரிந்தது. நேர்ப்பட்டைகளிலும் ஒரு பக்கம் வழித்தெடுத்த மாதிரி மஞ்சளாக இருந்தது. வருஷக்கணக்கில் ஓடி ஓடி ஒவ்வொரு புஷ்ஷும் தன் பக்கத்துக்கு ஏற்றபடி தேய்ந்திருந்தது. இடம் மாறியதும் உருளை ஒருக்களித்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு பாதியும் இறுகிவிட்டன. பெரில் மறுபடி பிரித்தாள், மறுபடி பூட்டினாள். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் புதிதாக நான்கு பிறைகள்.

வீட்டுக்கு வந்து தேநீர் போட்டுக் குடித்தேன். நன்றாகவே இருந்தது அந்தத் தேநீர்.

கோடை ஆட்டங்களுக்குத் திடல் திறக்கப் பதினோரு நாள் இருக்கும்போது செவ்வாய்க்கிழமை மாலை குழு கூடியது. அந்த வருஷம் முதல் பந்தை எட்வின் நினைவாக நான் உருட்டுவது என்று முடிவாகியிருந்ததால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். செயலாளர் சிரில் ஓப்பன்ஷா, காகிதங்களை அடுக்கி, தட்டி, மறுபடி அடுக்கினார்.

"யாரையும் குத்தம் சொல்ல வரல. ஆனா திடலப் பாத்தீங்களா? பன்னி மேஞ்ச மாதிரி கெடக்கு."

"பன்னிகூட இன்னும் நேரா மேயும், சிரில்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரிப்பு எழுந்தது.

"சிரிங்க ராசா, நல்லா சிரிங்க" என்றாள் பெரில். அவளும் சிரித்தாள். விரல் நகங்களில் கிரீஸ் கறுத்திருந்தது.

"பெரில், பதினாலு வருஷம் நீயும் எட்வினும் பாத்த உருளை. திரும்ப மாட்டத் தெரியலன்னா எப்படி?"

"துண்டெல்லாம் கலந்துபோச்சு."

"எப்படிக் கலக்கும்? எட்வினு ஒரு ஆணியக்கூட கலக்க விடமாட்டானே."

பெரில் தன் கைகளைப் பார்த்தாள். அந்தச் சாவி யாரிடம் இருந்தது என்று அந்த அறையில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"நான்தான் கலந்துட்டேன்" என்றாள். "அவசரத்துல."

தேநீர்க் கொதிகலன் பக்கத்திலிருந்து நெல்லி சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். உதட்டுப் பேச்சு தெரியாத எனக்கே அது புரிந்தது. 'யாரு?' பெரில் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

சிரில் தொண்டையைச் செருமினார். "வெளியூர்ல ஒரு ஒப்பந்தக்காரன் இருக்கான். சொந்த இயந்திரத்தோட வருவான். திடல அவன்கிட்ட விட்டுடலாங்கறேன். பெரிலு பழையபடி நெல்லிக்கு ஒத்தாசையா சாண்ட்விச் போடட்டும். இதுல அவமானம் ஒண்ணும் இல்ல." என் பக்கம் திரும்பினார். "மிஸஸ் ஹாஸ்லம், நீங்க சொல்லுங்க. எட்வின் இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரில் மட்டும் பார்க்கவில்லை. பதினான்கு வருஷமாக நான் விரும்பியது தட்டில் வைத்து என் முன்னால் நீட்டப்பட்டிருந்தது. 'நீங்க சொல்றது சரி, சிரில்' என்றால் போதும். அந்தக் கொட்டகையின் கதவு அவளுக்கு மூடிவிடும். அவளுக்கு அப்பா போய் எட்டு வருஷம். வீட்டில் யாரும் இல்லை. அந்தத் திடல்தான் இருந்தது.

நான் நல்லவளாக மாறிவிட்டதால் பேசினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் என் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, என்னைக் காட்டிக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கியர் அவளுக்குத் தெரியும், உதட்டுப் பேச்சு தெரியும், ஊர் அவளுடையது, முதல் கோப்பை அவளுடையது. இப்போது பெருந்தன்மையையும் அவளே எடுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"கலைச்சது நான்" என்றேன்.

சிரில் காகிதத்தைக் கீழே வைத்தார். "என்னது?"

"துண்டுகள்ல நூல் கட்டியிருந்துச்சு. அத நான் வெட்டிட்டேன். எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டினதும் நான்தான். இவங்களுக்கு இதுல சம்பந்தமில்ல."

"ஏன் வெட்டினீங்க?"

வகுப்பில் முப்பது வருஷம் 'ஏன்' என்று கேட்டவள் நான்.

"நூலுன்னா எந்த நூலு? உருளையில எதுக்கு நூலு?" என்று சிரில் ஆரம்பித்தார்.

"சிரில், வாய மூடு" என்றாள் நெல்லி. அவளுக்குப் புரிந்துவிட்டது. மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகத்திலும் அது புரிவதைப் பார்த்தேன். காது வரை எனக்குச் சுட்டது.

பெரில் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். அவள் நன்றி சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

"எதுல செவப்பு, எதுல வெள்ளைன்னு ஞாபகம் இருக்கா, மிஸஸ் ஹாஸ்லம்?"

"இருக்கு."

"எத்தனைக்கு?"

"எல்லாத்துக்கும்."

"இருபத்து மூணுக்குமா? எப்படிங்க?"

பொறாமைப்படுகிறவள் பார்க்கும் பார்வையை எப்படி விளக்குவது? பரீட்சைக்குப் படித்த எதுவும் எனக்கு அப்படி மனப்பாடம் ஆனதில்லை.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். பெரில் மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி வைத்திருந்தாள். சுத்தமான செய்தித்தாள் விரித்து, துண்டுகளைக் கழுவிக் குவித்திருந்தாள். ஒரு ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளினாள். அது எட்வினுடையதா அவளுடையதா என்று நான் கேட்கவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். நான் சொன்னேன். "விளிம்புல கீறல் இருக்கே, அது செவப்பு. நீலம் பாரிச்ச அந்த மெல்லிசு வளையம் வெள்ளை. இந்தப் புஷ் செவப்பு, ஆனா வரிசையில கடைசி." அவள் மறுபேச்சில்லாமல் வைத்தாள். சிவப்பு இடது, வெள்ளை வலது. தண்டில் கிரீஸ் பூசினாள். ஒரு வாஷரை இரண்டு விரலால் உரசிப் பார்த்து, "ஆமா, இதுதான். மூணு தடவையும் இத அந்தப் பக்கம் போட்டுத் தொலைச்சேன்" என்றாள்.

சிறிய கியர் சக்கரம் வந்தது.

"இது?"

"அதுல ரெண்டு நூல் இருந்துச்சு. சேத்து."

"அது நடு கியரு. ரெண்டு பக்கத்துக்கும் பொது. அதான் ரெண்டு நூலு."

"அவ்வளவுதானா?"

"வேற என்னங்க?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கியரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது பாதியைத் தண்டில் ஏற்றினாள். வலது பாதியை நான் பிடித்துக்கொண்டேன், நினைத்ததைவிடக் கனம். திருகுகளை முடுக்கினாள். நான் கேட்டேவிட்டேன்.

"பதினாலு வருஷம் இங்க உக்காந்து என்னதான் பேசினீங்க?"

"பேசினதா?" அவள் ஸ்பேனரை மாற்றிப் பிடித்தாள். "குதிரப் பந்தயம். எங்கப்பா இருமலு. அந்த கிரீஸ எடு, இந்தத் துணியக் குடு. பாதி நேரம் பேச்சே இருக்காது. அவரு பாட்டுக்கு மூக்கால ஏதாவது பாடிக்கிட்டே இருப்பாரு."

"பாடுவாரா?"

"எப்பவும். ஸ்ருதியே சேராது. வீட்டுல பாட மாட்டாரா?"

வீட்டில் இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் அவர் பாடி நான் கேட்டதில்லை. அவள் அதைச் சர்வசாதாரணமாகச் சொன்னாள். என்னிடமிருந்து ஒளித்து வைக்க அவளிடம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. ரகசியம் ஏதாவது இருந்திருந்தால் இருவரையும் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். பாட்டை என்ன செய்வது?

"நாலர ஆனா கையத் தொடச்சிக்கிட்டு எந்திரிச்சிருவாரு" என்றாள், செயினை மாட்டிக்கொண்டே. "வேலை பாதியில இருந்தாலும் சரி. 'மரியன் டீ போட்டிருப்பா'ம்பாரு. ஒரு நாளாவது நாலே முக்கா ஆனதில்ல. அப்புறம் நான் அடுப்ப அணைச்சிட்டு, கதவுப் பூட்ட அமுக்கிட்டுப் போவேன்."

குரலில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அந்த நாலரை மணியை அவளும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எண்ணியிருக்கிறாள். கேட்டதும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அது கெட்ட சந்தோஷம்தான், வைத்துக்கொண்டேன்.

பூட்டி முடித்ததும் இயந்திரத்தைக் கட்டைகளின் மேல் தூக்கி வைத்தோம். "இடது பாதிய முன்னால சுத்துங்க" என்றாள். சுற்றினேன். வலது பாதி தானாகப் பின்பக்கமாகச் சுழன்றது, சத்தமே இல்லாமல்.

"இதான் சரி" என்றாள் பெரில். "நேத்துவரைக்கும் ரெண்டும் ஒண்ணாவே ஒட்டிக்கிட்டுச் சுத்துச்சு."

அன்று மதியம் திடலில் ஒரு சுற்று ஓட்டினாள். ஓரத்தில் திரும்பினாள். புல் கிழியவில்லை. பிய்ந்த இடங்களில் கொட்டகைக்குப் பின்னாலிருந்து புல்லை மண்ணோடு பாளம் பாளமாக வெட்டி வந்து பதித்தாள். குறித்த சனிக்கிழமை திடல் திறந்தது. நான் முதல் பந்தை உருட்டினேன். அவள் போட்ட பட்டைகளின் மேல் அது அழகாக வளைந்து ஓடியது. கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் பாதிப் பேர் அவளைப் பார்த்துத்தான் தட்டினார்கள்.

ஒப்பந்தக்காரன் பேச்சு அதோடு நின்றது. பெரிலை நிரந்தரக் காவலராகப் போட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு பெண்ணைத் திடல் காவலராகப் போட்டது அதுதான் முதல் தடவை. செய்தித்தாளில் படம் வந்தது. என் பங்குக்கு எனக்கும் பெயர் கிடைத்தது. ஆறு மாதம் நான் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். உதடுகள் மட்டும் அசையும். புருஷன் செத்த பிறகு பொறாமைப்பட்டவள் என்று ஊர் பேசியது. அது தவறு. அவர் உயிரோடு இருக்கும்போதே பட்டேன்.

பெரிலும் நானும் சிநேகிதிகள் ஆகவில்லை. நவம்பர் மாதங்களில் எப்போதாவது கொட்டகைப் பக்கம் போவேன். ஸ்டூல் இருக்கும். அவள் உருளையைக் கழற்றுவாள், நான் துண்டுகளை வரிசையில் வைப்பேன். அவருடைய பாட்டைப் பாடிக் காட்டச் சொல்லலாமா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். கேட்டதில்லை. அவளுக்கு எழுபது ஆனபோது சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். கிளப்பில் விருந்து வைத்தார்கள். அப்போதுதான் திடல் காவலர்கள் பெயரை எல்லாம் தங்க எழுத்தில் ஒரு பலகையில் எழுதிச் சுவரில் மாட்டினார்கள்.

போன வியாழக்கிழமை அடக்கம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பலகையின் முன்னால் போய் நின்றேன். எட்வின் ஹாஸ்லம், 1960 முதல் 1982 வரை. அதற்கு நேர் கீழே பெரில் கிரிம்ஷா, 1982 முதல் 2001 வரை. அன்று சிரில் கேட்டபோது நான் தலையாட்டியிருந்தால், நடுவில் ஏதோ ஒரு வெளியூர்க்காரனின் பெயர் வந்திருக்கும். அவளுடையது வந்தேயிருக்காது. இரண்டு பெயரையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தது நான்தான். கிளப் இருக்கும்வரை அப்படியே இருக்கும். என் பெயர் அந்தச் சுவரில் எங்கும் இல்லை.

எழுத்துகளில் தூசி படிந்திருந்தது. கைக்குட்டையை எடுத்து அவருடைய பெயரை மட்டும் துடைக்கப் பார்த்தேன். வரிகள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் முடியவில்லை.